மோதிரத்துக்கு ஒரு வைரம்

இப்பகுதிக்கு எழுதுவோருட் பலர் நூல்களைப் பற்றியும் பரீட்சைகளைப் பற்றியுமே கேட்பது வழக்கம். இம்முறை வந்த கடிதமொன்று வேறு வகையானது. அலுவலகமொன்றில் எழுதுவினைஞராகக் கடமையாற்றும் இளைஞர் ஒருவர், வருகிற தை மாதத்தில் தமக்கு விவாக நிச்சயம் நடைபெறவிருப்பதாகவும், மணமகளுக்கு வைரமோதிரம் அணிவிக்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறார். அவர் சேமித்த பணம் முக்காற் கரட் அளவுள்ள நல்ல கல்லொன்றுக்குப் போதுமாம். ஆனால், ஒரு கரட்டிற் குறைந்தால் பெண்வீட்டார் முன்னிலையில் தலைநிமிர முடியாது என்று தாயார் வருந்துகிறாராம். குறையும் தொகைக்குத் தமது சங்கிலியை அடகு வைக்கவும் ஆயத்தமாக இருக்கிறாராம். “ஐயா, கரட் எத்தனை என்று அவர்கள் கேட்பார்களா, மாட்டார்களா?” என்பது இளைஞரின் வினா.

கேட்பார்கள். ஆனால் கேட்பதற்கு முன்னர்ப் பார்ப்பார்கள். பார்க்குங் கண்ணுக்குத் தெரிவது கரட் அன்று. ஆகவே தாயாரின் சங்கிலி அவர் கழுத்திலேயே கிடக்கட்டும் என்பதே என் முதல் விடை. அதற்குக் காரணங் கூறவேண்டுவது என் கடமை.

கரட் என்பது நிறை, அவ்வளவே. ஒரு கரட் 200 மில்லிகிராம். அதன் நூறில் ஒரு பங்கைப் புள்ளி என்று வழங்குவர். அந்த நிறை கல்லில் எவ்விடத்தில் தங்கியிருக்கிறது என்பதைக் கரட் கணக்குச் சொல்லாது. ஒரே அளவு மாவை எடுத்து ஒருத்தி பரந்த தோசையாக வார்க்கலாம். மற்றொருத்தி தடித்த ரொட்டியாகத் தட்டலாம். வைரமும் அத்தகையதே. நிறையைக் காப்பாற்ற விரும்பும் தொழிலாளி அடிப்பாகத்தை ஆழமாக விட்டுவிடுவான். அந்த ஆழம் மோதிரத்தினுள் மறைந்துவிடும். அதற்குரிய விலை மட்டும் மறையாது.

நிறையை விட்டு ஒளியைத் தேடியதற்குப் புகழ்பெற்ற சான்று கோகினூர். 1851ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற பெருங் கண்காட்சியில் அக்கல்லைக் காணத் திரண்ட மக்கள், அது ஒளி குன்றிக் கிடந்தமை கண்டு ஏமாற்றமடைந்தனர். அப்பொழுது அதன் நிறை ஏறக்குறைய 186 கரட். அடுத்த ஆண்டில் ஒல்லாந்தத் தொழிலாளரைக் கொண்டு அதனை மீண்டும் வெட்டுவித்தனர், எஞ்சியது 105.6 கரட். நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் தூளாகப் போயிற்று. முகலாயரும் பாரசீகரும் சீக்கியரும் கண்ணெனக் காத்த நிறையை இப்படிக் கரைத்தது முறைதானா என்று வாதிடுவோர் இன்றும் உளர். வெட்டியபின்பும் எதிர்பார்த்த ஒளி வரவில்லை என்று குறைகூறியோரும் இருந்தனர். எனினும் நிறை வேறு, ஒளி வேறு என்பதை அச்செயல் நன்கு விளக்குகின்றது.

ஒளி எங்கிருந்து பிறக்கிறது? பௌதிகம் கற்கும் மாணவர் இதனை எளிதில் உணர்வர். வைரத்தின் முறிவுச்சுட்டி 2.42, ஆகவே அதன் அவதிக்கோணம் ஏறக்குறைய 24 பாகை மட்டுமே. சாதாரண கண்ணாடிக்கு இது 42 பாகை. மேலிருந்து புகுந்த கதிர், அடிப்பட்டையில் இந்தக் கோணத்திலும் கூடிய சாய்வில் விழுமாயின் வெளியேற இயலாது. முழுவுட்டெறிப்படைந்து எதிர்ப்பட்டைக்குச் சென்று, அங்கும் தெறித்து, மேல்வழியாக மீண்டு நம் கண்ணை அடையும். அடிப்பட்டைகள் தவறான சாய்வில் அமைந்துவிட்டால், கதிர் அடியிலோ பக்கத்திலோ கசிந்துபோகும். மீளும்போது அக்கதிர் நிறங்களாகவும் பிரிகிறது. வைரத்தின் வெண்சுடரும் வானவிற் பொறியும் இவ்வளவே. இதில் மாயம் ஒன்றுமில்லை, கேத்திரகணிதமே உண்டு.

அந்தக் கணிதத்தை 1919ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் மார்செல் டொல்கோவ்ஸ்கி என்பவர். பெல்ஜியத்து அன்ற்வேப் நகரில் வைரம் வெட்டுங் குடும்பத்திற் பிறந்து, இலண்டனில் கல்வி பயின்றவர். அப்பொழுது அவருக்கு வயது இருபதளவே. வட்டக் கல்லின் அடிச்சாய்வு 40.75 பாகையும், முடிச்சாய்வு 34.5 பாகையும், மேலேயுள்ள மேசை போன்ற பெரிய முகம் விட்டத்தில் நூற்றுக்கு 53 பங்கும் இருப்பின் வெண்சுடரும் நிறப்பொறியும் ஒருங்கே சிறக்கும் என்று அவர் கணித்தார். இன்றைய வணிகம் மேசையைச் சற்றே அகலமாக, 54 முதல் 58 பங்குவரை ஏற்றுக்கொள்கிறது. சாய்வுகளில் மாற்றம் சிறிதே. 57 பட்டைகளில் எது எங்கே என்று வாசகர் மனனஞ் செய்யவேண்டுவதில்லை. அடிச்சாய்வு 40.6 முதல் 41 பாகைக்குள்ளும், முடிச்சாய்வு 34 முதல் 35க்குள்ளும், மொத்த ஆழம் விட்டத்தில் நூற்றுக்கு 60 முதல் 62.5க்குள்ளும் உள்ளனவா என்று பார்த்தாற் போதும்.

இனி, நமது இளைஞரின் கணக்குக்கு வருவோம். நன்றாக வெட்டப்பட்ட ஒரு கரட் வட்டக் கல்லின் விட்டம் ஏறக்குறைய 6.5 மில்லிமீற்றர். ஆழமாக விடப்பட்ட ஒரு கரட் கல்லோ 6.2 மில்லிமீற்றரே இருக்கக்கூடும். நன்றாக வெட்டப்பட்ட 90 புள்ளிக் கல்லும் அதே 6.2 மில்லிமீற்றர். விரலில் அணிந்தால் இரண்டும் ஒரே அளவு. ஒளியில் 90 புள்ளியே முந்தும். விலையில் அது பெரிதும் குறையும். ஏனெனில் வைரத்தின் விலை நிறையோடு ஒழுங்காக ஏறுவதன்று. அரை, முக்கால், ஒன்று என்னும் படிகளில் தாவி ஏறுவது. அப்படிகளுக்குச் சற்றுக் கீழேயுள்ள கல்லை நாடுவதே சிக்கனம். முக்காற் கரட் நன்கு அமைந்தால் 5.8 மில்லிமீற்றர் இருக்கும். தாயாரின் சங்கிலியை அடகு வைத்து அவர் வாங்கக்கூடிய மலிவான ஒரு கரட்டுக்கும் இதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் அரை மில்லிமீற்றரும் இல்லை. அதற்கு வட்டி கட்டுவதா?

ஆழங் குறைந்து பரந்த கல்லையும் ஐயத்துடன் நோக்குக. அது பெரிதாகத் தோன்றும். ஆனால் மேசைமுகத்தினுள் மீன்கண் போன்ற வெளிறிய வளையமொன்று தெரியும். மிக ஆழமான கல்லில், நடுவே ஆணித்தலை போல இருள் கட்டிநிற்கும். இவ்விரு குறைகளையும் வெறுங்கண்ணாலேயே காணலாம்.

நிறத்தையும் மாசையும் பற்றி நான் அதிகங் கூறேன். வைரத்தின் குற்றங்களை நம்மவர் நெடுங்காலத்துக்கு முன்பே வகுத்தறிந்திருந்தனர். மதுரை இரத்தினக் கடைத்தெருவைக் கூறும் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை ஏகை, விந்து, களங்கம், காகபாதம் ஆகிய நான்கையும் பெயர் சுட்டிச் சொல்கிறது. இன்று பத்து மடங்கு உருப்பெருக்கும் வில்லையால் நோக்கித் தரம் பிரிக்கின்றனர். வெறுங்கண்ணுக்குத் தெரியாத மாசுக்குப் பணங் கொடுத்து விடுதலை பெறவேண்டுவதில்லை, “வீ.எஸ். 2” என்ற தரம் போதும், “எஸ்.ஐ. 1” தரத்திலும் கண்ணுக்குத் தூய கற்கள் பல உண்டு. நிறத்தரம் “டீ” என்னும் எழுத்திலிருந்து தொடங்கும். மஞ்சட்பொன்னிற் பதிப்பதாயின் “ஐ”, “ஜே” தரங்களே அழகாக இருக்கும். பொன்னின் சாயலே கல்லில் விழுமாதலால், மிகு வெண்மைக்குக் கொடுக்கும் பணம் வீணே. இவ்விரண்டிலும் மிச்சப்படுத்தியதை வெட்டுக்குக் கொடுங்கள்.

கடையில் விளக்குகள் எதற்காக அவ்வளவு பிரகாசமாகத் தொங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கூரிய ஒளியின்கீழ் மட்டமான கல்லும் பொறி சிந்தும். கல்லை வாயிற்புறத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, நிழலில் வைத்து, மெல்ல அசைத்துப் பாருங்கள். நல்ல வெட்டு அங்கும் உயிரோடிருக்கும். மற்றது சாம்பல் பூத்துவிடும். இதற்கு மறுக்கும் வியாபாரியிடம் மேற்கொண்டு பேசவேண்டாம். ஆய்வுகூடச் சான்றிதழையும் கேளுங்கள். 1931இல் நிறுவப்பெற்ற அமெரிக்க இரத்தினவியல் நிறுவகம், 2006 முதல் வட்டக் கற்களுக்கு வெட்டுத்தரத்தை ஐந்து படிகளாகக் குறித்து வருகிறது. முதற்படியைக் கேளுங்கள், ஆனால் முதற்படியும் அகலமானது. ஆகவே மேலே கூறிய சாய்வுகளையும் அத்தாளிலேயே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றுக் கற்களைப் பற்றி ஒரு வார்த்தை. நமது மாத்தறையின் பெயராலேயே “மாத்தறை வைரம்” என்று ஒன்று முன்னாளில் ஐரோப்பாவரை வழங்கியது. அது வைரமன்று, சிர்க்கன் என்னும் நிறமற்ற கல். நிறப்பொறியில் வைரத்தை நெருங்கும். ஆனால் வில்லையால் மேசைமுகத்தின் வழியே நோக்கினால், அடிப்பட்டைகளின் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். நாளடைவில் ஓரங்களும் சிதையும். ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட வைரமோ இத்தகையதன்று. அது மெய்யான வைரமே. 1954இல் அமெரிக்காவில் வெற்றிகண்ட முயற்சி இன்று பெருந் தொழிலாக வளர்ந்து, அதன் விலை நிலத்தடி வைரத்தின் விலையில் ஒரு சிறு பங்காக இறங்கிவிட்டது. பணம் குறைவெனில் அதனை வாங்குவதில் இழுக்கில்லை. வெட்டின் விதி அதற்கும் அதுவே. பெண்ணிடம் உண்மையைச் சொல்லி வாங்க வேண்டும், அவ்வளவே. எந்த வைரமாயினும், விற்கப் போனால் கொடுத்த விலை திரும்புவது அரிது. இதனை முதலீடு என்று எவரேனும் கூறினால் நம்பவேண்டாம்.

கல் தெரிவானபின், அதன் இடுப்புவிளிம்பில் சான்றிதழ் இலக்கம் நுண்ணெழுத்தாகப் பொறிக்கப்பட்டுள்ளதா என்று வில்லையாற் பார்த்துக்கொள்ளுங்கள். பற்கள் அதனை மூடாதவாறு பதிக்கும்படி பொற்கொல்லரிடம் சொல்லிவையுங்கள். மோதிரம் முடிந்து கைக்கு வரும்பொழுது அதே இலக்கத்தை மறுபடியும் படியுங்கள். தங்கம் மெத்தென்ற உலோகமாதலால் நான்கு பற்களிலும் ஆறு பற்கள் பாதுகாப்பு. வைரத்தில் எண்ணெய் எளிதிற் படியும். சமையலறையில் ஒரு வாரம் புழங்கினால் எந்த வெட்டும் மங்கும். இளஞ்சூட்டு நீரிற் சவர்க்காரம் கரைத்து, பழைய பற்றூரிகையால் கல்லின் அடிப்புறத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். கழுவுமுன் நீர்த்தொட்டியின் துவாரத்தை அடைத்துக்கொள்ளச் சொல்லவும் மறவாதீர்கள்.