சேஃப்டி ஷூ: சைஸ் சரியில்லைன்னா சேஃப்டியும் இல்லை!

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். கால் 8-ம் நம்பர், கையில் கிடைப்பது 7-ம் நம்பர் சேஃப்டி ஷூ. "போட்டுக்கோப்பா, போகப் போக சரியாயிடும்!"

ஆகாது. தோல் இளகும், விரலுக்கு மேல் இருக்கும் ஸ்டீல் கேப் இளகாது. ஐஎஸ் 15298 தரத்தின் 2-ம் பாகப்படி அந்த கேப் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். அதாவது, 20 கிலோ எடை சுமார் 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி. ஷூ சின்னதென்றால் அதே கேப் விரலை நசுக்கும். பெரிதென்றால் ஏணியில் கால் தடுக்கும்.

பனிச்சறுக்கில் பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கை, பூட்ஸின் நீளம், ஆளின் எடை, வயது எல்லாம் பார்த்துத்தான் செட் பண்ணுவார்கள். விளையாட்டுக்கே இவ்வளவு அளவு என்றால், கன்டெய்னர் யார்டில் நாள் முழுக்க நிற்பவருக்கு வேண்டாமா?

எப்படிப் பார்ப்பது?

* நின்று நின்று கால் வீங்கும். அதனால் சாயங்காலம் போட்டுப் பாருங்கள்.
* வேலைக்குப் போடும் அதே சாக்ஸ், இரண்டு காலிலும்.
* குத்துக்காலிட்டு உட்காருங்கள். விரல் கேப்பில் இடிக்கக் கூடாது.
* நடக்கும்போது குதிகால் ஷூவை விட்டு எழும்பக் கூடாது.

பாதுகாப்புச் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. 2020-ம் ஆண்டு தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது.

ஆகவே, சைஸ் மாற்றிக் கேட்பது அடம் அல்ல, உரிமை. 'ஷூ கொடுத்தாச்சு' என்று கையெழுத்து வாங்கும் ரெஜிஸ்டரில் இன்னொரு கட்டமும் வேண்டும்: 'கால் அளவு பார்த்தாச்சா?'