மேடை கிடைத்தது, கூலி எங்கே?

"இசைக்கு விலையே இல்லை" என்கிறார்கள். கேட்க இனிக்கத்தான் இருக்கிறது! பந்தலுக்கு விலை உண்டு. ஒலிபெருக்கிக்கு விலை உண்டு. வாயிலிலே விற்கும் சீட்டுக்கும் விலை உண்டு. பாடுகிறவனுக்கு மட்டும் விலை இல்லையாம்! அம்பத்தூர்ப் பட்டறையிலே கடைசல் எந்திரத்தின் முன் நிற்கும் தோழனைக் கேட்கிறோம்: "உன் உழைப்புக்கு விலையே இல்லையப்பா" என்று முதலாளி சொன்னால், அது பாராட்டா, பசப்பா?

அமெரிக்க நாட்டிலே ஆஸ்டின் என்றொரு நகரம். 1987 முதல் அங்கே 'சவுத் பை சவுத்வெஸ்ட்' என்றொரு விழா நடக்கிறது. விழா என்பது பெயர்; உண்மையில் அது இசைத் தொழிலின் சந்தை. எந்தப் பெரிய நிறுவனத்தையும் சாராத இசைக்குழுக்கள், கிதாரைத் தோளிலும் கடனைத் தலையிலும் சுமந்துகொண்டு அங்கே போகின்றன. தரகர் கண்ணிலே பட மாட்டோமா, இசைத்தட்டு நிறுவனத்தார் கூப்பிட மாட்டார்களா என்ற ஆசை! விண்ணப்பிக்கவே கட்டணம். மேடையேறினால், 2023 வரை ஒரு குழுவுக்கு 250 டாலர். அல்லது விழாவைச் சுற்றிப்பார்க்க ஒரு கைப்பட்டை. கடல் கடந்து வந்த குழுவுக்கோ கைப்பட்டை மட்டும்! "உலகமே உங்களைப் பார்க்கிறதே, போதாதா?" என்பது வாதம்.

'பார்த்தால் பசி தீரும்' என்று 1962-இல் ஒரு படம் வந்தது. படத்துக்குப் பெயராக அது பொருந்தும். பாடகனுக்குக் கூலியாகப் பொருந்துமா?

பொருந்தாது என்றார்கள் அந்த இசைக் கலைஞர்கள். புலம்பவில்லை, சங்கமானார்கள். குழுவிலே எத்தனை பேரோ, ஒவ்வொருவருக்கும் 750 டாலர் தரவேண்டும் என்று கோரிக்கை வைத்தார்கள். 2024-இல் குழுவுக்கான தொகை 350 டாலராக உயர்ந்தது. கேட்டது மலை, கிடைத்தது மடுதான். ஆனாலும் கேட்காதிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது!

இதை அயலூர்க் கதையென்று ஒதுக்கலாமா? கூடாது. 2018 ஜனவரி 6-ஆம் நாள், சென்னைக் கீழ்ப்பாக்கத்திலே ஒரு மேடை எழுந்தது. ஆவடியை அடுத்த கர்லப்பாக்கத்துப் பிள்ளை, இயக்குநர் பா. ரஞ்சித்தும், இசையமைப்பாளர் தென்மாவும் கூட்டிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு அதிலே ஏறிற்று. சாதியற்ற தமிழர் என்று பண்டிதர் அயோத்திதாசர் முழங்கிய கருத்தே அக்குழுவின் பெயர். கானாப் பாட்டும் ராப் பாட்டும் கைகோத்தன. பறையும் சட்டியும் ஒருபக்கம், கிதாரும் டிரம்ஸும் மறுபக்கம். இட ஒதுக்கீட்டைப் பாடினார்கள். உணவு உரிமையைப் பாடினார்கள். இசைவாணி என்ற நங்கை, ஆடவர் ஆண்ட கானாவைத் தன் குரலால் வென்றார். 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலிலே அவர் பெயர் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கிற்று. மார்கழி என்றால் சபாக்களின் சொத்து என்றிருந்த நகரிலே, ஒப்பாரிக்கும் பறைக்கும் அரங்கம் கிடைத்தது.

இது மானத்தின் வெற்றி, மறுப்பாரில்லை. சாவு வீட்டு வாசலிலே நில் என்று சொல்லப்பட்ட பறை, நடுமேடையிலே நிமிர்ந்து நின்றது. ஆனால் மானம் பெற்றவனுக்குச் சோறும் வேண்டுமே! விழா ஒரு வாரம். மீதி 51 வாரம்?

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி என்று எழுதிற்று. எட்டு மணி நேர வேலையும் இரட்டைக் கூலியும் யாரோ இரக்கப்பட்டுத் தந்தவையல்ல. தொழிலாளர் சங்கம் வைத்துப் போராடிப் பெற்றவை. நள்ளிரவு தாண்டியும் தோல் கிழியப் பறையடிப்பவனுக்கு எந்தச் சட்டம் மிகைநேரம் எழுதிற்று?

ஆகவே நாம் சொல்கிறோம். மேடைக்கு அழைக்கும்போதே கூலியைத் தாளில் எழுதுங்கள். வண்டிச் சத்தத்தையும் சாப்பாட்டையும் அதிலே கழிக்காதீர்கள். கிதாருக்கு ஒரு விலை, பறைக்கு ஒரு விலை என்று பிரிக்காதீர்கள். அதுவும் ஒரு சாதிதான்!

தோழர்களே, இதை அரசும் சபாவும் செய்யட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் மே நாள் கூட்டம் போடுகிறோம். அம்பத்தூர்ப் பட்டறைகளிலே ஆண்டுவிழா நடத்துகிறோம். திரைப்பாட்டுக் கச்சேரியோடு நிறுத்தாமல், நம் தெருப் பிள்ளைகள் தாமே கட்டிய பாட்டுக்கும் இடம் கொடுப்போம். தலைவர் வரும்வரை கூட்டத்தைக் கலையாமல் காக்கும் பாடகனுக்கு, பந்தல்காரருக்கு முன்பாகப் பணம் கொடுப்போம்.

மாலை வாடிவிடும். கைதட்டல் ஓய்ந்துவிடும். கூலிதான் அடுப்பை எரிய வைக்கும்!