கடலில் ஓடும் படகுக்கு எதற்குச் சாலை வரி?

பழவேற்காட்டு மீனவக் கிராமங்களிலிருந்து கடலுக்குச் செல்லும் ஃபைபர் படகுகளில் பல டீசலில் ஓடுபவை. மீன்பிடிப் படகுகளுக்கான டீசலுக்கு மாநில அரசு விற்பனை வரி விலக்கு அளிக்கிறது. ஆனால், மத்திய கலால் வரியுடன் வசூலிக்கப்படும் சாலை, உள்கட்டமைப்பு செஸ் அந்த விலைக்குள் அடங்கியிருக்கிறது. 2018-இல் லிட்டருக்கு 8 ரூபாயாக அறிமுகமான இந்த செஸ்ஸின் அளவு பின்னர் மாறியது. அதன் அடிப்படை மாறவில்லை. எரிபொருள் வாங்குவோர் அனைவரும் சாலையைத் தேய்க்கிறார்கள் என்றே அது கருதுகிறது. கடலில் ஏது சாலை?

அதே மீன், கரைக்கு வந்தபின் பொன்னேரி, மீஞ்சூர் வழியாகச் சிறு வேன்களிலும் இருசக்கர வாகனங்களிலும் சந்தைக்குப் போகிறது. அருகிலேயே காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களுக்குக் கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. சாலையைச் சேதப்படுத்துவதில் இவ்விரு வகை வாகனங்களுக்கும் ஒப்பீடே இல்லை.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனை இதை எண்ணால் காட்டியது. அச்சின் மீதான எடை இரு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது. இந்தியாவில் 2018-இல் நான்கு சக்கரங்கள் கொண்ட ஒற்றை அச்சுக்கான எடை வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. எடை கூடியது சுமார் 13 விழுக்காடு. மேற்கண்ட கணக்கின்படி சேதம் கூடுவதோ சுமார் 60 விழுக்காடு.

இந்த வேறுபாட்டை நமது வரிகள் சரியாக அளப்பதில்லை. சரக்கு வாகன வரி எடையைப் பார்க்கிறது, ஓடிய தொலைவைப் பார்ப்பதில்லை. சுங்கச்சாவடிக் கட்டணம் கிராமச் சாலைகளுக்கு வருவதில்லை. கனரக லாரி டீசலுக்குக் கூடுதலாகச் செலவிட்டாலும், அச்செலவு சேதத்தின் வேகத்தில் உயர்வதில்லை. மின்வாகனங்கள் பெருகினால் எரிபொருள் வழியான வருவாயும் சுருங்கும்.

நியூசிலாந்து இதற்கு வேறு வழி கண்டது. அங்கு டீசல் விலையில் சாலை வரி சேர்க்கப்படுவதில்லை. டீசல் வாகனங்கள் எடைக்கும் ஓடும் கிலோமீட்டருக்கும் ஏற்பக் கட்டணம் செலுத்துகின்றன. அதனால் டீசல் படகும் டிராக்டரும் சாலைக்காகச் செலுத்துவதில்லை. 2024 ஏப்ரல் முதல் மின்கார்களும் இம்முறைக்குள் வந்துவிட்டன.

இங்கே இதைத் துறைமுக வாயில்களிலேயே தொடங்கலாம். லாரிகளின் அச்சு எடைக்கும் பயணத் தொலைவுக்கும் ஏற்பக் கட்டணம் விதித்து, அத்தொகையை அவை ஓடும் சாலைகளின் பராமரிப்புக்கே ஒதுக்க வேண்டும். மீன்பிடிப் படகுகளின் டீசலுக்கான சாலை செஸ்ஸை மத்திய அரசு திருப்பித் தர வேண்டும்.

சரக்குக் கட்டணம் உயரும் என்று லாரி உரிமையாளர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. புதிய கட்டணத்துக்கு ஈடாகக் காலாண்டு வரியைக் குறைக்கலாம். கூடுதல் அச்சுகளில் சுமையைப் பகிர்ந்து செல்லும் லாரிக்குக் கட்டணமும் குறையும். சாலைச் செலவு இப்போதும் யாரோ ஒருவர் தலையில்தான் விழுகிறது. அதில் ஒரு பங்கைச் சாலையே தொடாத படகுக்காரர் சுமப்பது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது.