பார்க்கிலும், காட்டிலும்

‘பார்க்கிலும்’, ‘காட்டிலும்’ என்னும் சொற்களைக் கண்டதும் நகைக்கும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. பழைய பத்திரிகைத் தமிழின் பஞ்சாங்க வாடை என்பர். ‘விட’ என்று இரண்டெழுத்தில் முடிவதற்கு ஐந்தும் ஆறும் எதற்கு என்பர். இந்நகைப்பு எனக்கு உடன்பாடன்று.

ஒப்புமைக்குப் பழைய இலக்கணம் ஐந்தாம் வேற்றுமை உருபைத் தந்தது. உரைநடையில் அதன் இடத்தைச் சொல்லுருபுகள் பிடித்தன. பார்க்கிலும் என்றால் பார்த்தாலும். காட்டிலும் என்றால் காட்டினாலும். ஒன்றை முன்னிறுத்திக் காட்டிய பின்னரே மற்றொன்றை மிகுதி என்றோ குறைவு என்றோ கூறும் முறை அது. ‘விட’ என்பதோ விடுதலிலிருந்து வந்தது.

திருவையாற்றில் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் தொடங்கிய சுதேசமித்திரன் 1899-இல் நாளிதழாயிற்று. ‘சென்ற பசலியைக் காட்டிலும் இந்தப் பசலியில் விளைவு குறைவு’ என்பது போன்ற வார்ப்பு அக்காலத்து இதழ்நடைக்கு இயல்பானது. அந்நடையை நான் தெய்வமாக்கவில்லை; ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘பார்க்கிலும்’ வந்து மூச்சு முட்டும் இடங்களும் அதில் உண்டு. ஆயினும் எதைக் காட்டிலும் என்பது அங்கே எழுதப்பட்டிருக்கும்.

‘விட’ என்பதற்கும் முன்னால் ஒரு பெயர் வேண்டுமே எனலாம். வேண்டும்தான். ஆனால் இன்றைய செய்தியில் அந்த ‘விட’வும் உதிர்ந்துபோய், ‘கூடுதல்’, ‘குறைப்பு’, ‘வரலாறு காணாத’ என்னும் சொற்களே தனித்து நிற்கின்றன. காவிரிச் செய்திகளில் இதன் கேடு பெரிது.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது. குறைவுதான், எதைக் காட்டிலும்? 2007-இல் நடுவர் மன்றம் தன் இறுதித் தீர்ப்பில் கூறிய 192-ஐக் காட்டிலும் 14.75 குறைவு. சிலர் இதை 1991 இடைக்கால ஆணையின் 205-உடன் ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். அந்த 205 மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கு வந்து சேர வேண்டிய நீர், 192-உம் 177.25-உம் எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கப்படுபவை. இடையில் தமிழக எல்லைக்குள்ளேயே மழையால் ஆற்றில் சேரும் நீரும் மேட்டூருக்கு வருகிறது. இரண்டையும் நேருக்கு நேர் கழித்துப் பார்ப்பது மரக்காலையும் படியையும் ஒன்றாக எண்ணுவது போன்றது. ‘காட்டிலும்’ என்று எழுத உட்கார்ந்தவன் எதைக் காட்டுவது என்று ஒரு கணமாவது திகைத்திருப்பான்.

காட்டுவதிலும் சூது செய்யலாம் என்பதை மறுக்கவில்லை. 2025-இல் மேட்டூர் அணை ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறக்கப்பட்டது. ‘கடந்த ஆண்டைவிட முன்னதாக’ என்றால் பொய்யில்லை; 2024-இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். ஆனால் ஜூன் 12 என்பது குறுவைக்கு வழக்கமான நாள். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தாயிற்று. வறண்ட ஆண்டைப் பக்கத்தில் நிறுத்தினால் எந்த ஆண்டும் செழிப்பாகத்தான் தெரியும். எனினும் ஆண்டின் பெயர் அங்கே இருந்தால் கடைமடையில் நாற்று விட்டுக் காத்திருப்பவர், ‘ஏன் ஐயா, அந்த ஆண்டை மட்டும் காட்டுகிறீர்?’ என்று கேட்கலாம். வெறும் ‘முன்னதாக’ என்று அச்சிட்டவரிடம் அவர் எதைக் கேட்பார்?