பத்தாம் முறை ஏறினால் போதுமா?

நம் சங்க நண்பர்களுள் புதுக் கணிப்பொறி வாங்கித் தாமே பூட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். விண்டோஸையோ உபுண்டுவையோ ஏற்றத் தொடங்கினால் பாதி வழியில் நீலத்திரை தோன்றுகிறது. அல்லது பொறி தானே அணைந்து தானே எழுகிறது. ஐந்தாம் முறையோ பத்தாம் முறையோ எப்படியோ ஏறிவிடுகிறது. "அப்பாடா, முடிந்தது" என்று தேநீர்க் கடைக்குப் போய்விடுகிறோம். முடிந்துவிட்டதா என்பதே என் கேள்வி.

நானும் அப்படித் தேநீர் குடிக்கப் போனவன்தான். தில்லிக்கு வந்த முதலாண்டு முழுதும் உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, ஊரிலிருந்து அப்பா அனுப்பியதையும் சேர்த்து, நேரு பிளேஸ் கடைத்தெருவில் ஒவ்வோர் உறுப்பாக வாங்கி விடுதி அறையில் பூட்டினேன். விண்டோஸ் நான்கு முறை விழுந்தது. ஒருமுறை 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றது. அடுத்தமுறை வேறொன்று சொன்னது. பின்னர்க் கோப்புக் கெட்டுவிட்டது என்றது. எதிரறை அண்ணன், "பென் டிரைவை மாற்றிப் பாருடா" என்றார். கடைக்காரரோ, "மென்பொருள் கோளாறு, மறுபடி ஏற்றுங்கள்" என்றார். இரண்டையும் செய்தேன், ஐந்தாம் முறை ஏறியது. மூன்று வாரம் ஆய்வுக் கணக்குகளை ஓட்டினேன். ஒரே கணக்கு, ஒரே தொடக்க எண்கள், திங்களன்று ஒரு விடை, புதனன்று வேறொரு விடை! வயிறு கலங்கியது அப்போதுதான்.

இயங்குதளத்தை ஏற்றும்போது நடப்பது என்ன? சுருக்கி அடைத்த பல கிகாபைட் பொதி ரேமில் விரிக்கப்பட்டு, சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடப்பட்டு, எஸ்.எஸ்.டி.யில் எழுதப்படுகிறது. ஒரு பிட் புரண்டாலும் அங்கே பிடிபட வாய்ப்புண்டு. நம் ஆய்வு எண்களுக்கு அத்தகைய காவல் ஏது? தவறான எண் சரியான எண்ணைப் போலவே வந்து அட்டவணையில் அமர்ந்துகொள்ளும். ஆகவே ஏற்றும்போது விழுகிற பொறி நமக்குத் தீங்கு செய்வதில்லை, எச்சரிக்கிறது. அதன் வாயை அடைத்துவிட்டு மகிழ்கிறோம்.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே செய்தியோடு விழுந்தால் பென் டிரைவையோ டிரைவரையோ ஐயுறலாம். இடமும் செய்தியும் மாறிக்கொண்டே இருந்தால் ரேமை முதலில் ஐயுற வேண்டும். டி.டி.ஆர்.5 ரேமின் உறையில் 6000 என்று பெரிதாக அச்சிட்டிருப்பர். ஆனால் அத்தகைய ரேம் பெரும்பாலும் தானாக ஓடும் வேகம் 4800தான். பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போவை இயக்கினால்தான் 6000 கிட்டும். அதுவும் செயலியும் மதர்போர்டும் ஒத்துழைத்தால். நாமோ பெட்டியைத் திறந்த கையோடு அதைத்தான் இயக்குகிறோம். கொடுத்த காசு வீணாகக் கூடாதல்லவா!

அதை அணைத்துவிட்டு, மெம்டெஸ்ட்86+ என்னும் இலவசச் சோதனையை ஓரிரவு ஓடவிடுங்கள். இயங்குதளமே இல்லாமல் பென் டிரைவிலிருந்து ஓடக்கூடியது அது. ஒரு பிழை காட்டினாலும் அந்நிலையில் அந்த ரேமை நம்பலாகாது. பிறகு ஒவ்வொரு ரேமையும் தனியே செருகிச் சோதியுங்கள். என் இரண்டில் ஒன்று மெதுவான வேகத்திலும் பிழை காட்டியது. திரையைப் படமெடுத்துக் காட்டிய பிறகே கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார்.

"புது உறுப்பில் பழுது இருக்குமா?" என்பார்கள். 2024இல் இன்டெல் நிறுவனம், தன் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகளில் சில, மிகை மின்னழுத்தத்தால் நிலைகுலைவதை ஒப்புக்கொண்டது. மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டித்தது. அதுவரை அவற்றை வைத்திருந்தவர்கள் எத்தனை முறை விண்டோஸை ஏற்றி ஏற்றி அலுத்தார்களோ! அத்தகைய திருத்தம் பயாஸ் வழியாகவும் வருவதால், ஏற்றுமுன் பயாஸைப் புதுப்பிப்பதும் நன்று.

தேர்வு நேரத்தில் இதற்கெல்லாம் பொழுதேது என்று நண்பர் ஒருவர் கேட்டார். சோதனை ஓடுவது நாம் உறங்கும்போது. என் பேராசிரியரிடம் சென்று, "மூன்று வாரக் கணக்கும் செல்லாது, ஐயா" என்று சொல்ல நான் பட்ட பாட்டுக்கு ஓரிரவு மின்விசிறிச் சத்தம் பெரிதன்று.

அச்சோதனை ஏற்றிய பென் டிரைவ் ஒன்று என்னிடம் இருக்கிறது. வேண்டுவோர் மாலையில் வந்து வாங்கிக்கொள்ளலாம். மறுநாள் காலையில் மறவாமல் திருப்பித் தருக. சென்ற மாதம் கொண்டுபோனவர் இன்னும் தரவில்லை.