பூசாரி கையில் வரம்!



சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். கோயில் வாசலில் பிறந்த அந்தப் பழமொழி, இன்று அமெரிக்க நாட்டின் வரிக் கணக்கு மேஜைமீது ஏறி உட்கார்ந்திருக்கிறது. மன்றம் கூடுகிறது, சட்டம் செய்கிறது, தொழிலாளிக்குச் சலுகை என்று முரசு அறைகிறது. ஆனால் அந்தச் சலுகை அவன் கைக்கு வந்து சேர, ஒரு மென்பொருள் கம்பெனி ‘அப்டேட்’ அனுப்பவேண்டியிருக்கிறது! அது வரும்வரை சட்டம் ஏட்டில், தொழிலாளி வாசலில்.

அமெரிக்காக்காரனின் வரிக் கணக்கு நமக்கெதற்கு என்று கேட்கலாம். உழைப்பவன் காசு எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்பது, எந்த நாட்டுத் தொழிலாளியும் அறிந்துகொள்ளவேண்டிய சங்கதி அல்லவா?

அங்கே வருமான வரி ஒன்றல்ல, இரண்டு. மத்திய சர்க்காருக்கு ஒன்று, மாநிலத்துக்கு மற்றொன்று. 1911-ல் விஸ்கான்சின் மாநிலம் வழிகாட்டியது. இன்று 50 மாநிலங்களில் 41, கூலிக்கும் சம்பளத்துக்கும் வரி வாங்குகின்றன. பெரும்பாலான மாநிலங்களின் கணக்கு, மத்தியக் கணக்கில் வரும் ஒரு தொகையிலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே வாஷிங்டனில் ஒரு விதி மாறினால், மாநிலங்கள் தனித்தனியே முடிவு செய்யவேண்டும்: ஏற்பதா, மறுப்பதா? சில மாநிலங்கள் தாமாகவே பின்தொடரும். சில, ஏதோ ஒரு தேதியில் இருந்த சட்டத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும். 2015 ஜனவரி 1-ல் இருந்த மத்தியச் சட்டத்தைத்தான் கலிபோர்னியா பத்தாண்டு காலம் பெரும்பாலும் பிடித்துக்கொண்டிருந்தது. 2025-ல்தான் தேதியை மாற்றியது.

இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் கடைத்தெருவில் கணக்கு எழுதித் தருவோர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் மென்பொருள். ஆண்டுதோறும் பணம் கட்டி வாங்கவேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பகுதி. நியூஜெர்சியில் குடியிருந்து நியூயார்க்கில் வேலை செய்பவன் வந்தால் இரண்டு மாநிலக் கணக்கு. புத்தாண்டு பிறந்ததும் படிவம் திரையில் தெரியும். ஆனால் மாநிலம் அந்தப் படிவத்துக்கு இன்னும் ஒப்புதல் தராவிட்டால், அச்செடுத்த தாளின் குறுக்கே ‘தாக்கல் செய்யாதே’ என்று விழும். பிறகு அப்டேட் வரும். அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்து மற்றொன்று. ஒன்றைத் தவறவிட்டால் கணக்கு தப்பு. தப்பானால் மாநிலத்திலிருந்து நோட்டீசு. யாருக்கு? கம்பெனிக்கல்ல, கையெழுத்துப் போட்ட தொழிலாளிக்கு!

2021-ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். பெருந்தொற்றால் வேலை இழந்தவர்கள் உதவித்தொகை பெற்றிருந்தார்கள். அதில் 10,200 டாலர் வரைக்கும் மத்திய வரி இல்லை என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான்! ஆனால் வந்த நாள் எது? மார்ச் 11. கணக்குக் காலம் பாதி கடந்திருந்தது. பலர் கணக்கைக் கொடுத்தே முடித்துவிட்டார்கள். ஏப்ரல் 15 என்றிருந்த கெடுவை மே 17-க்குத் தள்ளவேண்டி வந்தது.

மாநிலங்கள் என்ன செய்தன? இல்லினாய் சலுகையை ஏற்றது. நியூயார்க் மறுத்தது, விலக்களித்த தொகையைத் திரும்பக் கூட்டிக் காட்டு என்றது. மின்னசோட்டா? கெடு முடிந்து, ஜூலையில்தான் சட்டம் செய்து ஏற்றுக்கொண்டது! வேலை இழந்த மனிதன் ஒருவன்தான். அவன் பெற்ற உதவித்தொகையும் ஒன்றுதான். ஆற்றுக்கு இக்கரையில் ஒரு கணக்கு, அக்கரையில் வேறொரு கணக்கு. மென்பொருளோ மாநிலத்துக்கு ஒன்றாக மாறிக்கொண்டே இருந்தது.

மிகைநேர வேலைக்கு வரி இல்லை என்று 2025 ஜூலையில் ஒரு முழக்கம் எழுந்தது. தொழிலாளி மகிழ்ந்தான். கணக்கைப் பார்ப்போமா? மணிக்கு 20 டாலர் கூலி பெறுபவன், மிகைநேரத்துக்கு 30 டாலர் பெறுகிறான். கழிவு கிடைப்பது அந்த 30-க்கல்ல. கூடுதலான 10-க்கு மட்டும். அவன் ஆண்டில் 200 மணி மிகைநேரம் உழைத்தால், 6,000 டாலரில் 2,000-க்குத்தான் மத்திய வரிக் கழிவு. இல்லினாய் மாநிலத்திலோ அந்தக் கழிவும் இல்லை. அங்கே வரி 4.95 சதவீதம். முழக்கத்தை நம்பியவன், அந்த 2,000-க்கும் 99 டாலர் மாநிலத்துக்குக் கட்டவேண்டும். முழக்கம் மேடையில் முடிந்துவிட்டது. 99 டாலர் தொழிலாளி தலையில் விடிந்தது!

கணக்கு எழுதித் தரும் சிறு கடைக்காரர்மீது நமக்குக் கோபமில்லை. அவரும் இரவெல்லாம் கண்விழித்து உழைப்பவர். மென்பொருள் எழுதும் இளைஞர்மீதும் கோபமில்லை. சட்டமன்றம் கடைசி நாளில் போடும் முடிச்சை விடிவதற்குள் அவிழ்க்க வேண்டியவர் அவர். நாம் கேட்பது, இந்த முடிச்சுக்குக் கூலி கொடுப்பவன் யார் என்பதே. கம்பெனி கடைக்காரரிடம் வாங்குகிறது. கடைக்காரர் தொழிலாளியிடம் வாங்குகிறார். தொழிலாளி யாரிடம் வாங்குவான்?

“வரிச் சட்டம் சிக்கலானது, நிபுணரும் கம்பெனியும் இல்லாமல் ஆகுமா?” என்று கேட்பார்கள். பல மாநிலங்களில் வியாபாரம் செய்பவனுக்கு ஆகாதுதான். அவன் நிபுணரை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ஒரே முதலாளியிடம் ஒரே கூலி வாங்குபவனுக்கு என்ன சிக்கல்? அவன் வாங்கிய கூலியையும் பிடித்த வரியையும் முதலாளி ஏற்கெனவே சர்க்காருக்கு எழுதி அனுப்பிவிட்டான். சர்க்காருக்குத் தெரிந்த கணக்கை சர்க்காருக்கே சொல்ல, தொழிலாளி காசு கொடுத்து ஆள் வைக்கிறான்!

அந்த 2021-லேயே மத்திய வரித்துறை என்ன செய்தது? ஏற்கெனவே கணக்குக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி எழுதவேண்டியதில்லை என்று சொல்லி, தானே திருத்திப் பணம் அனுப்பியது. மின்னசோட்டாவும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளைத் திருத்தும் வேலையில் இறங்கியது. திருத்தத் தெரிந்தவருக்கு எழுதத் தெரியாதா, தோழர்களே?

தெரியும் என்பதற்கு ஆதாரமும் உண்டு. கலிபோர்னியாவும் பென்சில்வேனியாவும் தத்தம் மாநிலக் கணக்கை இலவசமாகத் தாக்கல் செய்ய, தாமே இணைய வசதி நடத்துகின்றன. மத்திய வரித்துறையும் 2024-ல் 12 மாநிலங்களில் இலவச நேரடித் தாக்கலைத் தொடங்கியது. 2025-ல் அது 25 மாநிலங்களுக்குப் பரவியது. 2026-ல் கதவைச் சாத்திவிட்டார்கள்! திறந்த கதவைச் சாத்தினால், பக்கத்துக் கடைக்குத்தானே கூட்டம் போகும்?

ஆகவே வேண்டியது மூன்று. கணக்குக் காலத்தின் நடுவே, முடிந்த ஆண்டின் வரியை மாற்றினால், திருத்தும் பொறுப்பு சர்க்காருடையதாகட்டும். சட்டம் பிறக்கும்போதே அதற்கான கணக்கு முறையும் எல்லோருக்கும் இலவசமாக வெளிவரட்டும். கூலி ஒன்றே வருமானமாக உள்ளவனுக்கு, மாநிலமே கணக்கு எழுதி அனுப்பட்டும். சரியென்றால் அவன் கையெழுத்திடுவான், தவறென்றால் திருத்துவான்.

வரி கேட்கும் கை சர்க்காருடையது. கணக்குச் சொல்லும் வாயும் சர்க்காருடையதாகத்தான் இருக்கவேண்டும். வரம் உண்மையென்றால், சாமியே நேரில் வந்து கொடுக்கட்டும்!