வெள்ளித்திரை வீட்டுக்குள் வரலாமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

"படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்." நம்மில் பலரைப் பற்றி வீட்டில் இப்படிச் சொல்லக் கேட்டிருப்போம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள் நாம். கேட்பதற்கு இனிய சொல்தான். அதற்கு என்ன விலை என்பதைக் கடந்த தீபாவளியின்போது நான் தெரிந்துகொண்டேன். வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பதிலாகப் புரொஜெக்டர் வாங்கலாமா என்று எண்ணும் நண்பர்களுக்கும், அப்படி எண்ணும் அண்ணன்மாருக்கு யோசனை சொல்லப் போகும் நண்பர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

2006-ஆம் ஆண்டு தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் எங்கள் வீட்டுக்கு 14 அங்குலப் பெட்டி ஒன்று வந்தது. அப்போது எனக்கு மூன்று வயது. அதற்கு முன் அம்மா மேலத்தெருவில் ஒரு வீட்டுச் சன்னலோரம் வெளியே நின்று தொடர் பார்ப்பாராம். கதை முடியுமுன் அந்த வீட்டார் சன்னலைச் சாத்திவிட்ட நாள்களும் உண்டாம். ஆகவே அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் வெறும் பொழுதுபோக்குச் சாதனம் அன்று. அதன்மேல் துணி போர்த்திப் பொட்டு வைத்துப் பாதுகாத்தார் அம்மா.

தீபாவளிக்குச் சில நாள்கள் முன்பு அது கண்ணை மூடியது. "எல்.ஓ.டி. போயிடுச்சு, இதுக்கு இப்போ சாமான் கெடைக்காது" என்று மெக்கானிக் கைவிரித்தார். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன், போனஸ் பணம் 11,500 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் கேட்டான்: "டேய், அதே காசுக்கு 32 இன்ச் டிவியும் வருது, சுவர் முழுக்கப் படம் காட்டற புரொஜெக்டரும் வருது. நீ பிசிக்ஸ் படிக்கிறவன், பார்த்துச் சொல்லு."

நான் பார்த்தேன். எதைப் பார்த்தேன்? விளம்பரத்தைப் பார்த்தேன். "9,000 லூமன்ஸ்", "4கே சப்போர்ட்", "200 அங்குலத் திரை" என்றெல்லாம் போட்டிருந்தது. நம் கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்துப் புரொஜெக்டரே 3,000 சொச்சம் லூமன்தான். இது மூன்று மடங்காயிற்றே என்று மகிழ்ந்து, "புரொஜெக்டரே வாங்குண்ணா" என்றேன். கூடத்துப் புரொஜெக்டரின் விலை ஐம்பதாயிரத்தை ஒட்டியது என்பதும் எனக்குத் தெரியும். ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு மூன்று மடங்கு வெளிச்சம் எப்படி வரும் என்று ஒரு கணமும் எண்ணவில்லை. சந்தையில் கத்தரிக்காய் வாங்கும் என் அப்பா எண்ணியிருப்பார்.

தீபாவளியன்று காலை பத்து மணிக்குச் சொந்தக்காரர்கள் சூழப் பெட்டியைப் பிரித்தோம். வாசற்கதவு திறந்திருந்தது. சுவரில் ஏதோ சாயம் போன சேலையைக் காயப்போட்டது போலிருந்தது. ஆள் தெரிந்தது, முகம் தெரியவில்லை. கதவைச் சாத்தினோம், சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டோம். கொஞ்சம் தேறியது. பண்டிகை நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார எந்த வீட்டில் முடியும்? அப்போது அப்பாயி சொன்னார்: "ஏண்டா தம்பி, டென்ட் கொட்டாயில பொழுது சாஞ்சப்பறம்தானேடா படம் போடுவான்? பட்டப்பகல்ல எவன் போட்டான்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடப் பக்கமே போகாத அப்பாயி அறிந்திருந்ததை நான் அறியவில்லை. புரொஜெக்டரால் வெள்ளையைக் காட்ட முடியும், சிவப்பைக் காட்ட முடியும். கறுப்பை மட்டும் காட்ட முடியாது, ஏனெனில் கறுப்பு என்று ஓர் ஒளி இல்லை. ஒளி விழாத இடமே கறுப்பு. அணைத்து வைத்த தொலைக்காட்சியைப் பாருங்கள், கறுப்பாக இருக்கும். புரொஜெக்டரை அணைத்தபின் சுவரைப் பாருங்கள், சுண்ணாம்பு வெள்ளை! அந்த வெள்ளைதான் நாயகியின் கூந்தலுக்கும் நள்ளிரவுக் காட்சிக்கும் கிடைக்கக்கூடிய அதிகபட்சக் கறுப்பு. இருட்டை நாம்தான் கொடுக்க வேண்டும், இயந்திரம் கொடுக்காது.

விடுமுறை முடிந்ததும் பேராசிரியரின் அனுமதியோடு துறையின் லக்ஸ் மீட்டரை வாங்கிச் சென்றேன். படத்தை 60 அங்குலமாகக் குறுக்கினால் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் வரும். அதனால் மீட்டர் காட்டும் லக்ஸ்தான் லூமனும். வெள்ளைத் திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் அளந்து சராசரி எடுப்பதே 'அன்சி லூமன்' எனப்படும் அளவின் முறை. என் சராசரி 180. விளம்பரம் சொன்னது 9,000. கருவியில்தான் கோளாறோ என்று இன்னும் இருமுறை அளந்தேன்.

எங்கே போயிற்று மீதி வெளிச்சம்? ஒரு பங்கு, பொருளின் வழியிலேயே தொலைகிறது. மலிவான வகையில் உள்ளே இருப்பது ஒற்றை எல்.சி.டி. பலகை. அதன் தளவிளைவாக்கி வரும் ஒளியில் பாதியை விழுங்கும். இவ்வாண்டு ஒளியியலில் படித்தோமே, அதே பாடம்தான். எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கை வண்ண வடிகட்டிகள் விழுங்கும். ஆக, மிக நல்ல நிலையிலும் ஆறில் ஒரு பங்கே மிஞ்சும். உள்ளிருக்கும் எல்.இ.டி. விளக்கின் ஒளியைப் பெட்டிமேல் அச்சிட்டால் எண் பெரிதாகத்தானே இருக்கும்? அப்படிக் கணக்கிட்டாலும் 9,000 வரவில்லை. அந்த எண் எங்கிருந்து வந்ததென்று அச்சிட்டவரைத்தான் கேட்க வேண்டும். '4கே சப்போர்ட்' என்பதும் இதே இனந்தான். 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பதே அதன் பொருள். பலகையில் அத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதன்று. கேட்க வேண்டியது 'நேட்டிவ்' தெளிவு எவ்வளவு என்பதை.

எங்கள் சுவரில் இரவு டியூப்லைட் எரியும்போது 120 லக்ஸ் விழுகிறது. அப்படியானால் கறுப்பு 120, வெள்ளை 180-ஐயும் சேர்த்து 300. இரண்டரை மடங்குதான் வேறுபாடு. பகலில் கதவு திறந்திருந்தால் சுவரில் 300 லக்ஸ், அப்போது வேறுபாடு ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டும். அதுவும் 60 அங்குலத்துக்கு. குறுக்களவை இருமடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்கு, ஒளி கால் பங்கு. 200 அங்குலம் என்பது வெறும் பேச்சு.

சரி, விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பதுதானே என்பீர்கள். அண்ணனும் அதையேதான் சொன்னான். என் கருத்து மாறியது அங்கேதான். அம்மா தொடர் பார்ப்பது சும்மா உட்கார்ந்து அல்ல. மாலை ஆறரை முதல் ஒன்பது வரை பூக்கடைக்காகப் பூக் கட்டுகிறார். கண் திரையில், கை நாரில், இடையிடையே பார்வை பூவில். விளக்கை அணைத்தால் பூ இல்லை, விளக்கைப் போட்டால் படம் இல்லை. அதே அறையில்தான் தங்கை வீட்டுப்பாடம் எழுதுகிறாள், அப்பா சாப்பிடுகிறார். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் எதிர்ச்சுவரோரம்தான் கருவியை வைக்க முடியும். அடுப்படிக்குப் போகிறவர் ஒவ்வொருவரும் படத்தில் நிழலாக நடித்துவிட்டே போகிறார்கள். சுவரையொட்டி வைக்கும் வகையும் உண்டு. அதன் விலை இலட்சத்தைத் தாண்டுகிறது, அது நமக்கான பேச்சன்று.

நான்காம் நாள் மாலை அம்மாவைக் காணவில்லை. பூக்கூடையுடன் பக்கத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அவர்கள் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிரவு யாரும் ஒன்றும் பேசவில்லை. "பரவால்லப்பா, உனக்கென்ன தெரியும்" என்று அம்மா சொன்னது எந்தத் தேர்வுத்தாளும் எனக்குச் சொல்லாத மதிப்பெண்.

விற்றவரிடம் முறையிட்டோம். பிரித்த பொருளுக்குப் பணம் திரும்பாது, வேண்டுமானால் அதே மாதிரி வேறொன்று தருகிறோம் என்றார்கள். அதே மாதிரி வேறொன்று எங்களுக்கு எதற்கு?

அப்படியானால் புரொஜெக்டர் கெட்ட பொருளா? இல்லை. மறைத்து இருட்டாக்கக்கூடிய தனியறை இருப்பவருக்கும், இரவில் மட்டும் படம் பார்ப்பவருக்கும், திருப்பூரில் நான்கு பேராகத் தங்கியிருக்கும் என் அண்ணனைப் போன்றவருக்கும் அது அருமையான பொருள். எங்கள் வீட்டுப் புரொஜெக்டரும் சனிக்கிழமை இரவுகளில் பின்சந்துச் சுவரில் படம் காட்டுகிறது. தெருவிளக்கு எட்டாத இடம் அது. சந்துப் பிள்ளைகள் சாக்கு விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள், அப்பாயிக்கு முன்வரிசை. அங்கே அது ராஜா. ஆனால், நாள் முழுதும் ஒரே அறையில் சமைத்து, உண்டு, உழைத்து, உறங்கும் வீட்டில் அது தொலைக்காட்சியின் இடத்தைப் பிடிக்க முடியாது என்பது என் துணிபு. வாங்கியே தீருவேன் என்பவர், மாலை ஆறு மணிக்கு வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று முதலில் பார்க்கட்டும். பிறகு அன்சி லூமன் எவ்வளவு என்று கேட்கட்டும். விற்பவர் அந்த எண்ணைச் சொல்ல மறுத்தால் நடையைக் கட்டட்டும்.

நம்மிடம் வீட்டார் கேட்கும்போது, "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்பதில் என்ன வெட்கம்? ஆய்வகம் இரண்டு மாடி தள்றித்தான் இருந்தது. நான் வாங்குவதற்கு முன் போகவில்லை, வாங்கிய பின்புதான் போனேன்.

பொங்கலுக்கு 32 அங்குலத் தொலைக்காட்சி தவணையில் வந்தது. டியூப்லைட் எரிய, அம்மா பூக் கட்டிக்கொண்டே பார்க்கிறார். ஞாயிறுதோறும் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறேன். இம்மாதம் மூன்றாம் தவணை கட்டியாயிற்று.